சுவரில் இரண்டாவது கடிகாரம்

பரிபூரணம் காவல்துறையில் இருந்தது முப்பத்தொரு வருஷம். அதில் பாதி, காணாமல் போனவர்களைத் தேடுவதிலேயே கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகாவது அது நிற்கும் என்று நினைத்தார், நிற்கவில்லை. ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில், வக்கீல் குமாஸ்தா ஜோயல் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவருடைய ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்தார்.

"மேடம், உங்களுக்குப் பிடிச்ச மாதிரி கேஸ்." ஐம்பது வயதிலும் ஜோயலுக்கு ஆர்வம் அடங்கவில்லை.

"எனக்கு எந்தக் கேஸும் பிடிக்காது ஜோயல். உள்ள வாங்கம்மா."

வந்தவர் யோகேஸ்வரி, ராஜபாளையத்துக்காரர். மகள் இந்து வட ஐரோப்பாவின் கடைக்கோடியில், ஒரு பல்கலைக்கழகத்தின் மீன்வள, கடல் அறிவியல் பள்ளியில் படிக்கிறாள். தினமும் வீடியோவில் முகம் காட்டுகிறவள், தீபாவளிக்கு முந்தின வாரத்திலிருந்து பேசவில்லை. 'மீன் கணக்கெடுக்கக் கப்பல்ல போறோம், பத்து நாள் சிக்னல் இருக்காது' என்று ஒரு செய்தி வந்தது. அதோடு சரி. இன்றைக்கு இருபத்துமூன்றாம் நாள்.

"அந்தப் பள்ளிக்கு எழுதிக் கேட்டீங்களா?"

"பையன் எழுதினான். படிக்கிற பிள்ளையோட சம்மதம் இல்லாம எதுவும் சொல்ல முடியாதுன்னு ரெண்டு வரி வந்துச்சு." யோகேஸ்வரி பரிபூரணத்தின் கையைப் பிடித்தார். "அக்கா, எம்பிள்ள உசுரோட இருக்காளா இல்லையா? அத மட்டும் சொல்லிருங்க. தெரியாம இருக்கிறதுதான் கொல்லுது."

பரிபூரணம் குடையை எடுத்துக்கொண்டார்.

ராஜபாளையத்தில் வீட்டுப் படியேறும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. கூடத்துச் சுவரில் உயரமாக இரண்டு கடிகாரங்கள். ஒன்று பத்து பத்து காட்டியது. மற்றது ஐந்து நாற்பது.

"அந்த ரெண்டாவது?"

"இந்துவோட நேரம் அக்கா. நமக்கு மூணரை மணி நேரம் பின்னால. அவ எப்ப எந்திரிப்பா, எப்ப சாப்பிடுவான்னு நான் பாத்துக்கிட்டே இருப்பேன். இப்ப அந்தப் பக்கமே திரும்புறதில்ல."

ஜோயல் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "அப்ப ஆறு நாற்பதுல்ல காட்டணும்? ஒரு மணி நேரம் ஸ்லோ. பேட்டரி போச்சு."

"பேட்டரி மாத்துறது யாரு?"

"அவியதான். எனக்கு ஸ்டூல்ல ஏறினாலே தல சுத்தும்."

'அவிய' மூலையில் நாற்காலியில் இருந்தார். கணவர் தங்கப்பாண்டியன், பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் மேஸ்திரி. கன்னத்தில் இரண்டு வார நரைத் தாடி.

"வேலைக்குப் போகலையா?"

அவருக்குப் பதில் மனைவிதான் சொன்னார். "பன்னண்டு நாளாப் போகல அக்கா. அந்தத் துணியப் பாத்தாலே குமட்டுதுங்காவ. இருபது வருசமா பாத்த துணி."

மகன் முத்துக்குமரன் முந்தின நாள் மாலைதான் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். "இவங்க வந்து என்ன செய்யப்போறாங்க? போலீஸ்ல எழுதிக் கொடுத்து, தூதரகத்துக்கு அனுப்பலாம். அன்னைக்கே சொன்னேன், அவ்வளவு தூரம் அனுப்பாதீங்கன்னு."

ஜோயல் பரிபூரணத்தின் காதருகே குனிந்தார். "அண்ணங்காரன் மேல ஒரு டவுட்டு மேடம். அவ போறதே பிடிக்கல."

"பிடிக்காததெல்லாம் குத்தம்னா உங்களையும் என்னையும்தான் மொதல்ல உள்ள தள்ளணும்." பரிபூரணம் முழங்காலைத் தடவியபடி உட்கார்ந்தார். "யோகேஸ்வரி, அந்த ஊர்ல வருசத்துல ரெண்டு தரம் மணிய மாத்துவாங்களே, தெரியுமா?"

"ஆமாக்கா, என்னமோ கூத்து. தேதியெல்லாம் யாருக்குத் தெரியும்? இந்து போன்ல சொல்லுவா, இவிய ஏறித் திருப்பி வைப்பாவ. கடைசியா பங்குனியில சொன்னா."

"முத்துக்குமரா, உனக்கு?"

"மணிய மாத்துவாங்களா? எதுக்கு?" அவன் முகத்தில் நிஜமான குழப்பம்.

"எல்லாரும் செத்த நேரம் உக்காருங்க," என்றார் பரிபூரணம்.

"மொதல்ல அந்த ரெண்டு வரிக் கடிதம். செத்தவகிட்ட யாரும் சம்மதம் கேக்க மாட்டாங்க. இந்து உயிரோட இருக்கா. சொல்லாதீங்கன்னு சொல்லியிருக்கா."

யோகேஸ்வரி இரண்டு கையையும் கூப்பினார்.

"பேட்டரி தீர்ந்தா முள் கன்னாபின்னான்னு பின்தங்கும், இல்ல நின்னுரும். சரியா ஒரு மணி நேரம் பின்னால போயி, நிமிஷம் பிசகாம ஓடுதுன்னா அது கை பட்டது. அங்க ஐப்பசியில ஒரு ஞாயித்துக்கிழம மணிய ஒரு மணி நேரம் பின்னால தள்ளுறாங்க. அப்ப இந்து உங்ககிட்ட பேச்ச நிறுத்தி ரெண்டு வாரம். இந்த வீட்டுல அந்தத் தேதி யாருக்கும் தெரியாது. அவ சொன்னாத்தான் உண்டு. ஆக, அதுக்குப் பொறவும் அவ யார்கிட்டயோ பேசியிருக்கா. ஸ்டூல்ல ஏறுறது ஒருத்தர்தான்."

யாரும் மூலையைப் பார்க்கத் துணியவில்லை.

"அந்தத் துணி ஏன் குமட்டுதுன்னு யோசிச்சேன்," பரிபூரணம் குரலைத் தாழ்த்தினார். "இந்துவுக்கு எங்க கட்டுப் போட்டிருக்கு அண்ணாச்சி?"

தங்கப்பாண்டியன் வலது கையைத் தூக்கினார். சுண்டுவிரலையும் அடுத்ததையும் மடக்கிக் காட்டினார்.

"கப்பல்ல வல இழுக்கிற மிஷின். ரெண்டு விரலும் கயித்தோட போயிருச்சு. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அம்மாட்ட சொல்லாதீகன்னு சத்தியம் வாங்கிட்டா. படிப்ப விட மாட்டாளாம். தறியில அந்த வெள்ளைத் துணி ஓடுறப்ப எல்லாம் அவ கைதான் கண்ணுல வருது."

"அம்புட்டையும் மறைச்சவரு, கடிகாரத்தை எதுக்கு மாத்தினீரு?" ஜோயலால் பொறுக்க முடியவில்லை.

"அவதான் சொன்னா. 'அப்பா, மணிய மாத்திருங்க. இல்லன்னா அம்மா தப்பான நேரத்துல என்னை நெனச்சுக்கிட்டு இருப்பாங்க'ன்னா. மாட்டிக்கிருவேன்னு தெரியும். மாத்தாம இருக்க மனசு வரல."

யோகேஸ்வரி அழவில்லை. பல நாளுக்குப் பின் தலை தூக்கி இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி ஆகப்போனது.

"எந்திரிச்சிருப்பா. வீடியோவுல போடுங்க."

போன் மணி வெகுநேரம் அடித்தது. பரிபூரணம் வாசலுக்கு வந்து நனைந்த செருப்பைத் தேடினார். ஜோயல் உள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் எடுத்த சத்தம் கேட்டது.

"ஏட்டி," என்றது யோகேஸ்வரியின் குரல், கோபமும் நடுக்கமுமாக. "போனை எந்தக் கையில பிடிச்சிருக்க? கட்டுப் போட்ட கையக் காட்டு."