ஐந்தாவது கிளாஸ்

நவம்பர் முதல் சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, 'நொண்டிக் குதிரை' என்ற பப்புக்குள் நான்கு பேர் மழைக்கோட்டை உதறிக்கொண்டு நுழைந்தார்கள். காலின், நெவில், ராய் மூவரும் இருபது வருடமாக இதே நாளில் யார்க்ஷயரின் இந்தப் பள்ளத்தாக்கில் ஊர் ஊராக பஸ் ஏறி, உள்ளூர்ச் சிறு ஆலைகளில் காய்ச்சிய ஏல் பீர் குடிப்பவர்கள். நான்காவது ஆள் டோரீன். அது அவள் கணவன் மாரிஸின் இடம். போன வருடம் இதே நாளில், கடைசி பப்பிலிருந்து திரும்பும்போது மாரிஸ் கால்வாயில் விழுந்து செத்துப்போனான்.

"போன வருஷம் எங்க கல்யாண நாளும் அதுவுமா என்னை வீட்டுல உட்கார வெச்சுட்டு அந்த மனுஷன் எதைக் கட்டிக்கிட்டு அழுதாருன்னு நானும் குடிச்சுப் பாக்கறேன்," என்று சொல்லித்தான் அவள் வந்திருந்தாள். சவ அடக்கத்தில்கூட அவள் அழவில்லை. இன்னொரு பைன்ட் ஏல் குடித்துவிட்டு வருகிறேன் என்று மாரிஸ் பப்பிலேயே தங்கிவிட்டதாக அவளிடமும் மற்ற இருவரிடமும் சொன்னது காலின்.

அது பொய் என்பது காலினுக்கு மட்டும்தான் தெரியும்.

கூட்டத்தை நடத்திச் செல்பவன் அவன்தான். தலைகளை எண்ணமாட்டான். எப்போதும் ஒருத்தன் கழிப்பறையில் இருப்பான், ஒருத்தன் நிலவறையில் பீப்பாயைத் தடவிக்கொண்டிருப்பான். அதனால் மேஜையில் காலி கிளாஸை எண்ணுவான். நாலும் காலி என்றால் கிளம்பவேண்டியதுதான்.

அன்றும் எண்ணினான். ஐந்து இருந்தது.

"யாருடா ரெண்டு குடிச்சது?"

"உனக்கு முதல் கிளாஸுலயே ஏறிடுச்சு," என்றான் ராய்.

பப்பில் ஏல் ஊற்றுகிற பெண் மேஜையைத் துடைக்க வந்தாள். "அஞ்சுதானே கண்ணு கேட்டீங்க?"

காலின் ஐந்தாவது கிளாஸை எடுத்தான். பனிக்கட்டியைத் தொட்டதுபோல விரல் விறைத்தது. உள்ளே ஏல் வாசனை இல்லை. கால்வாய்ச் சேற்றின் வாசனை.

இரண்டாவது பப்பிலும் ஐந்து காலி கிளாஸ். ஐந்தாவதன் எதிரே பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு ஈரம். டோரீன் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி பப் 'வெள்ளாடு'. மாரிஸ் கடைசியாகக் குடித்த இடம். நாலு மணிக்கே வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கணப்பில் கரி புகைந்தது. காலின் எண்ணினான்.

நான்கு காலி.

ஐந்தாவது, விளிம்பு வரை நிரம்பியிருந்தது.

"எவனோ வெச்சுட்டுப் போன கிளாஸு. வாப்பா, கடைசி பஸ்ஸு போயிரும்," என்றான் நெவில்.

காலினால் எழ முடியவில்லை. தரைக்கடியில், நிலவறைப் படிகளில், தண்ணீர் நிறைந்த பூட்ஸோடு யாரோ ஏறும் சத்தம்.

சளக்.

சளக்.

"டோரீன்," என்றான் காலின். "அவன் தங்கல. கீழ பீப்பாய் பாக்கப் போயிருந்தான். நாலும் காலியா இருந்துச்சு. நான் எண்ணிட்டு எல்லாரையும் பஸ்ல ஏத்திட்டேன்."

படியில் சத்தம் நின்றது.

"பஸ்ஸு கிளம்பினப்புறம் பின்கண்ணாடில பார்த்தேன். கால்வாய்க் கரையில ஓடி வந்துட்டிருந்தான். கையை ஆட்டிக்கிட்டே வந்தான்."

"நிறுத்தச் சொல்லலையா?" டோரீன் கிசுகிசுத்தாள்.

"சிரிச்சேன். கொஞ்சம் ஓடட்டும், தொப்பை கரையும்னு நினைச்சேன். அப்புறம் உங்க முகத்தைப் பார்த்ததும் பயந்து பொய் சொல்லிட்டேன்."

ராயும் நெவிலும் இருபது வருட நண்பனை முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"அப்ப வீட்டுக்குத்தான் ஓடி வந்தாரு," என்றாள் டோரீன். "ஒரு வருஷமா அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேனே. போட்டோவைக்கூட எடுத்து உள்ள போட்டுட்டேனே."

மேஜையில் தலை கவிழ்த்து அழுதாள். ஒரு வருடத்து அழுகை. பக்கத்து மேஜைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவள் நிமிர்ந்தபோது ஐந்தாவது கிளாஸ் காலியாக இருந்தது.

அதை யாரும் தொடவில்லை.

கடைசி பஸ்ஸில் நான்கு பேரும் ஏறினார்கள். டிரைவர் கதவை மூடவில்லை.

"கிளம்பலாமே," என்றான் ராய்.

"இருங்க. உங்க ஆளு ஓடி வர்றாரு பாருங்க."

காலின் எட்டிப் பார்த்தான். சாலையில் மழையைத் தவிர வேறொன்றும் இல்லை. டிரைவர் பொறுமையாகக் காத்திருந்தார். படிப்பக்கம் பஸ் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

"பார்த்து, வழுக்கும்," என்று காலி வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கதவை மூடினார்.

டோரீன் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் பக்கத்து மெத்தை மெல்ல அமுங்கியது. அதில் ஈரம் பரவியது. அவள் அந்த ஈரத்தின் மேல் கையை வைத்தாள், எடுக்கவில்லை.

பின் இருக்கையில் காலின் முகத்தைப் பொத்திக்கொண்டான். காதைப் பொத்த வேறு கை இல்லை. டோரீன் அழுவது கேட்டது. அதற்கு நடுவே, வெகுதூரம் ஓடி வந்த ஒருவன் மூச்சு வாங்குவதும் கேட்டது.