அகச்சிவப்பு அறை

லேசரை அணைத்த பிறகும் முனகல் நிற்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்புகளை ஒரு புள்ளியில் குவித்தால் அங்கே காற்றே பிய்ந்து பிளாஸ்மாவாகும். கடுகளவு வெள்ளைப் பொறி ஒன்று அந்தரத்தில் நின்று கொசுவைப் போல முனகும். சாவியைத் திருப்பினால் பொறியும் சாகும், முனகலும் சாகும். சாவி கார்த்திகாவின் கையில் இருந்தது. முனகல் இருட்டில் இருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். கந்தர்வக்கோட்டையைத் தாண்டி முந்திரிக்காட்டுக்கு நடுவில் இருக்கும் இந்தக் கல்லூரியில் எதுதான் ஒழுங்காக நடந்திருக்கிறது? "லேசர்னா செவப்பாத் தெரியணுமே, இது எரியுதா இல்லையா?" என்று கேட்ட முதல்வர். ஆயுதபூஜை என்று லேசர்ப் பெட்டியில் சந்தனத்தை அப்பி, மேசையில் ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளின் தாங்கிகளுக்கும் பொட்டு வைத்துவிட்டு, பொரியை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு மதியப் பஸ்ஸுக்கு ஓடிய ஊழியர்கள். இவர்கள் நடுவில் தானும் ஒருத்தி என்று நினைக்கும்போதெல்லாம் அவள் வாயில் கசப்பு ஊறும். அந்தக் கசப்பு தனக்குப் பிடிக்கும் என்பதை மட்டும் அவள் ஒத்துக்கொண்டதில்லை.

எல்லோரிலும் மோசம் ஷர்லி. அவளுடைய ஆராய்ச்சி மாணவி. பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றவே கழற்றாத பயந்தாங்கொள்ளி.

"என்னத்த ஆஃப் பண்ணாம விட்ட?"

"எல்லாம் ஆஃப்தாங்க மேடம். நேத்தும் இப்பிடித்தான் சத்தம் வந்துச்சு. நீங்க அங்கிட்டு திரும்புனா அதுவும் அங்கிட்டு போச்சு."

"ஓகோ. பிளாஸ்மாவுக்கு எம்மேல பாசமா? இத அப்பிடியே தீசிஸ்ல எழுது. டாக்டர் பட்டத்த வீட்டுக்கே கொண்டாந்து குடுப்பாங்க."

ஷர்லி பாதுகாப்புக் கண்ணாடியை மூக்கோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"கண்ணாடியக் கழட்டு. அத மாட்டிக்கிட்டு நின்னா பொறி எங்க இருக்குன்னு எப்பிடித் தெரியும்?"

"கண்ணு போயிரும் மேடம்."

"அணைச்ச லேசர்லயா? கழட்டுடி."

கழற்றினாள். கார்த்திகா அதைப் பிடுங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். தன்னுடையதை அவள் மாட்டி மாதக்கணக்காகிறது. கணக்குத் தெரிந்தவர்களுக்கு அது எதற்கு?

ஜன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் கறுப்புத் துணி தொங்க, ஏசியின் ஈரக்குளிரும், மட்கிய பூவின் நாற்றமும், அதற்கு மேலாக ஜெராக்ஸ் கடையில் வருவது போன்ற சுட்ட காற்றின் வாசமும் மெல்ல மெல்ல மூக்கில் ஏற, வெளியே பட்டப்பகல் என்பதே மறந்துபோகிற அந்த இருட்டுக்குக் கண் பழகட்டும் என்று அவள் காத்திருந்தபோது, பச்சையாக ஒரு புள்ளி தெரிந்தது.

அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் இத்தனை குறுகிய துடிப்புகளாக, இத்தனை அடர்த்தியாக விழித்திரையில் பாய்ந்தால், கண் ஒளித்துகள்களை இரண்டிரண்டாகச் சேர்த்து விழுங்கிவிட்டுப் பச்சை என்று சொல்லும். வகுப்பில் அவளே சொல்லியிருக்கிறாள், அந்த அசட்டு முகங்களுக்கு. பச்சை தெரிந்தால், துடிப்பு ஏற்கெனவே கண்ணுக்குள் இருக்கிறது. வலிக்காது. விழித்திரையில் ஓட்டை விழும், அவ்வளவுதான்.

முகத்தைத் திருப்பினாள். பச்சையும் திரும்பியது. கண்ணை மூடினாள். போகவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். ஏசி அடங்கியது. முனகல் இன்னும் தெளிவாகக் கேட்டது.

கண்ணைத் திறந்தாள். எதிரே பொறி. அதன் வெளிச்சத்தில் ஒரு சந்தனப் பொட்டு கருகிச் சுருண்டது. பார்வையை நகர்த்தினாள். பொறியும் நகர்ந்தது. கறுப்புத் துணியில் ஓட்டை. புகை. அவள் பார்த்த இடத்தில். அங்கே மட்டும்.

ஒளி வெளியிலிருந்து உள்ளே வரவில்லை.

முட்டாள்தனம். ஷர்லியின் முட்டாள்தனம் தொற்றிக்கொண்டுவிட்டது.

தரையைப் பார். தரையை மட்டும். சிமெண்ட் பொரிந்தது.

"மேடம்? கரண்டு போயிருச்சுங்களா?"

முதுகுக்குப் பின்னால். நெருக்கத்தில். வெறும் கண்ணோடு நிற்கிறாள். கார்த்திகா கோட்டுப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். திரும்பாமல் பின்புறமாக நீட்டினாள்.

"மாட்டு."

"என்னதுங்க மேடம்? இருட்டுல ஒன்னும் தெரியல."

"கைய நீட்டி வாங்கு. கிட்ட வராத."

செருப்பு உரசியது. கை காற்றைத் துழாவியது. கண்ணாடியைத் தவறவிட்டு, ஈர விரல்கள் அவள் கழுத்தைத் தொட்டன.

சொன்னால் புரிகிறதா? ஒரு சின்ன வேலை. அதுகூடத் தெரியாத ஜென்மம். பழகிப்போன எரிச்சல் கழுத்து வரை ஏறியது.

திரும்பி முறைத்தாள்.

ஷர்லியின் முகம். அகலத் திறந்த கண்கள். இருட்டில் விரிந்த கருமணி. அதன் நடுவில், வெள்ளையாக, ஒன்று வந்து உட்கார்ந்து முனகத் தொடங்கியது.