இரண்டு குவியல்

'டீச்சர் என்ன கேட்டாலும் செய்யலாம். இதை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாமே.'

இதைத் திலகவதி வெளியே சொல்லவில்லை. மடியிலிருந்த நீலச் சீருடைப் பாவாடையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஆரணியில் அந்த வருடம் பட்டுச் சேலை வாங்க ஆளில்லை. பல வீடுகளில் தறி ஓடவில்லை. அரசாங்கத்தின் இலவசச் சீருடையும் குறைவாகவே வந்திருந்தது. ஆற்றின் இரு கரையிலும் இருந்த இரண்டு பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே மூட்டை. அதிலும் பாதித் துணி மெலிந்து, இழை விட்டிருந்தது.

ஐந்தாம் வகுப்புத் திலகவதி நெசவாளி மகள். கண்ணை மூடித் தடவினாலும் துணியின் குறை அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் காசியம்மாள் டீச்சர் அவளைக் கூப்பிட்டார். எண்ணிக்கையில் சரிபாதி. ஆனால் நல்லதெல்லாம் நம் பள்ளிக்கு, மற்றவை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு என்றார்.

டீச்சர் நல்லவர். அப்பாவின் தறி நின்றபோது திலகவதிக்கு நோட்டு வாங்கித் தந்தவர். அவள் காய்ச்சலில் கிடந்தபோது வீடு தேடி ரொட்டி கொண்டு வந்தவர். அவரிடம் எப்படி மாட்டேன் என்பது?

உதவிக்கு வந்த தோழி சுகன்யா ஒரு பாவாடையை உதறிப் பிடித்தாள்.

"இதுல நாம ரெண்டு பேரும் பூந்துக்கலாம்டி. பெஞ்சுல எடம் மிச்சம்."

திலகவதி சிரித்துவிட்டாள். உடனே அப்பா நினைவுக்கு வந்தார். முதலாளி வீட்டில் பட்டு நூல் வாங்க அவர் கடைசியாகப் போனால், மற்றவர்கள் பொறுக்கிய மிச்சம்தான் கிடைக்கும்.

அவள் பிரிக்கத் தொடங்கினாள். நல்லது இங்கே ஒன்று, அங்கே ஒன்று. மெலிந்தது இங்கே ஒன்று, அங்கே ஒன்று.

டீச்சர் வந்து இரண்டு குவியலையும் தொட்டுப் பார்த்தார். "என்னா திலகா, ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதே?"

திலகவதி மேலே கிடந்த பாவாடையின் ஓரத்தை நீவிவிட்டாள். "எங்கப்பா கடைசியா போனா சிக்கு நூலுதான் தருவாங்க டீச்சர். நாங்க நாளெல்லாம் உக்காந்துகினு சிக்கெடுப்போம்."

நம்ம பிள்ளைகளும் பாவம்தானே என்றார் டீச்சர். ஆமாம் என்றாள் திலகவதி. டீச்சர் குவியலைக் கலைக்கவில்லை.

மதியம் அக்கரைப் பள்ளி ஆசிரியர் மாணிக்கவேல் சைக்கிளில் வந்தார். ஒரு பாவாடையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். வருடா வருடம் ஒட்டுப்போட்ட பிறகுதான் பிள்ளைகளுக்குக் கொடுப்பாராம்.

"இந்த வருஷம் ஊசிக்கு வேலை கம்மிதான். ரொம்ப நன்றிங்க டீச்சர்."

டீச்சர் தலை குனிந்துகொண்டார். "நன்றிய இவளுக்குச் சொல்லுங்க சார்."

அவர் போனதும், டீச்சர் தங்கள் குவியலிலிருந்து ஒரு பாவாடையை உருவித் திலகவதியின் கையில் வைத்தார். இருப்பதிலேயே நல்லது அதுதான். "நீயாவது இத வச்சிக்கோ. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நெருக்கமான நெசவு. விரலுக்கு இதமாக இருந்தது. அவள் உடுத்தியிருந்த பாவாடையோ நீளம் போதாமல் இரண்டு முறை மடிப்புப் பிரித்தது.

திலகவதி அதை அழகாக மடித்து, குவியலின் நடுவில் செருகினாள்.

"வேணாம் டீச்சர். பேர் கூப்பிடறப்போ எது வருதோ, அது போதும்."