கவிழ்ந்த காளான் பவளம்

“இதை யாரு தொட்டது?”

தொட்டிகளைப் பராமரிக்கும் அவள் போட்ட சத்தத்தில் மீன் காட்சியகத்தின் அந்த அறையே திரும்பிப் பார்த்தது. பக்கத்துத் தொட்டிக்குக் கண்ணாடி பொருத்த வந்தவன், முழங்கையில் நீர் சொட்ட நின்றான்.

“நான்தாங்க... காளான் மல்லாந்து கிடந்துச்சு. பாவமேன்னு திருப்பி வெச்சேன்.”

“காளானா? அது பவளம்! அந்த மடிப்பு, வாய் எல்லாம் மேலதான் இருக்கணும். குப்புறத் தள்ளிட்டீங்களே, செத்துரும்!”

“அப்ப மறுபடி திருப்பிடவா?”

“கையை எடுங்க! உப்ப ஆரம்பிச்சிருச்சு. இப்ப தொட்டா சதை கிழியும்.”

அவன் முகம் வாடிவிட்டது. என்ன கண்கள் அவை... ஒளிக்கவே தெரியாத கண்கள்.

காளான் பவளம் நீரை இழுத்து உடம்பை உப்பவைத்துத் தானே நிமிர்ந்துகொள்ளும். அதை வளர்ப்பவளுக்குத் தெரியாதா? கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. இப்போது உண்மையைச் சொன்னால்... போய்விடுவான். அவன் வேலை இன்றோடு முடிகிறது.

“இது பொழைக்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன்.” கருவிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

வெளியே மழை கொட்டியது. டிக்கெட் கொடுக்கும் அவள் அக்கா இருவருக்கும் டீ கொண்டுவந்தாள். அவனிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சிரித்தபடி போனாள்.

மற்ற பவளங்கள் பாறையைப் பிடித்தால் பிடித்ததுதான். இது குட்டியாக இருக்கும்போது மட்டும் காம்பால் பாறையில் ஒட்டியிருக்கும், வளர்ந்ததும் கழன்று மணலில் தனியாகத் திரியும் என்றாள் அவள்.

“தனியாவே இருந்தா போரடிக்காதா?”

“அது... பக்கத்துல யாரு வந்து உக்கார்றாங்கங்கிறதைப் பொறுத்தது.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாலையில் பவளத்தின் ஒரு பக்கம் பலூனாக உப்பியது. தட்டு போன்ற அதன் உடம்பு சாய்ந்தது... சாய்ந்து... புரண்டது.

“நிமிர்ந்துருச்சு!” இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள். அவன் பெட்டியைத் தூக்கினான்.

“ஒரு நிமிஷம்...” அவள் தரையைப் பார்த்தாள். “அது தானா நிமிரும்னு எனக்குக் காலையிலேயே தெரியும். திட்டினது தப்புதான். சொல்லாம விட்டது... நீங்க போயிடுவீங்களேன்னு.”

அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

“எனக்கும் தெரியும். டீ குடுத்தப்பவே உங்க அக்கா சொல்லிட்டாங்க.”

“அப்புறம் எதுக்கு உக்காந்திருந்தீங்க?”

“மழை விடட்டும்னு...”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். மாலை வெயில் பளீரென்று அடித்தது.

“அது எப்பவோ விட்டாச்சே!”

“விட்டாச்சுதான்...” அவன் காது சிவந்தது. “உங்களைப் பிடிச்சிருக்குங்க. வேற சாக்கு கிடைக்கல.”