உப்பு மூட்டையும் பொன் முட்டையும்

வனத்துறை நோட்டீஸில் நான்கு வரிதான் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கூத்தன்மலையில் இருக்கும் மாட்டுப் பட்டி காலியாக வேண்டும்!

மலையில் இருந்தது ஒரே பட்டி, ஒச்சம்மாளுடையது. இரண்டு மாதத்தில் அவளுடைய மாடுகளில் பதினொன்று போய்விட்டன. எல்லாவற்றுக்கும் ஒரே அடையாளம்தான். மாடு மெலியும், தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்துத் தொங்கும், ஒரு நாள் காலையில் எழுந்திருக்காது. அப்புறம் காட்டுமாடுகள் இரண்டு அதே பையோடு செத்துக் கிடந்தன. பட்டி மாடுதான் தொத்து நோயைக் காட்டுக்குள் கொண்டுபோய்விட்டது என்று பேச்சு கிளம்பியது. பேச்சு நோட்டீஸாக மாறப் பத்து நாள் போதுமானதாக இருந்தது.

"கீழ இறக்கி எங்கிட்டு நிப்பாட்டுறது? மலைமாடு கட்டுத்தறியில நிக்குமா? நான் இன்னும் ஒண்ணும் சொல்லல, அதுக்குள்ள அடிமாட்டு ஏவாரி லாரியோட அடிவாரத்துல நிக்கான்" என்றாள் ஒச்சம்மாள். முப்பத்தைந்து வயது, கையில் தொரட்டி, குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் தேவலை என்று கோதண்டத்துக்குத் தோன்றியது.

கோதண்டம் அடிவார ஊரின் கால்நடை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். பதினான்கு வருடமாகச் சாணியைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறார். கல்யாணப் பத்திரிகையில் 'அரசுப் பணி' என்று போட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். என்ன பணி என்பது பெண் வீட்டுக்கு மறுவீட்டு விருந்தில்தான் தெரிந்தது. ஒச்சம்மாள் இதுவரை முப்பது பொட்டலம் சாணி அனுப்பியிருந்தாள். முப்பதுக்கும் கோதண்டம் எழுதிய முடிவு ஒன்றுதான்: 'முட்டை இல்லை'. வயிற்றில் புழு இருந்தால் சாணியில் அதன் முட்டை இருக்கும். முட்டை இல்லையென்றால் புழு இல்லை. புழு இல்லையென்றால் தொத்து நோய். நோட்டீஸின் இரண்டாவது வரியிலேயே அவருடைய 'முட்டை இல்லை' உட்கார்ந்திருந்தது.

அதனால்தான் திங்கட்கிழமை விடியலில், படி ஏறினாலே மூச்சு வாங்குகிற அந்த மனிதர், பட்டியிலேயே சாணியை மறுபடி பார்த்துவிட, முதுகில் நுண்ணோக்கிப் பெட்டியோடு மலையடிவாரத்தில் நின்றார்.

"கோதண்டண்ணே, முடியலைன்னா இப்பவே சொல்லிருங்க" என்றார் டாக்டர் நஸ்ரின். கால்நடை மருத்துவர், வேலைக்கு வந்து இரண்டே வருடம்.

"முடியலைங்கிறது வீட்டுலயே தெரியும் மேடம். அதைச் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?"

முன்னால் ஒச்சம்மாள். அவளுக்குப் பின்னால் வனக்காவலர் வீரணன், கையில் அரிவாள். அடுத்து டாக்டர். கடைசியில் கோதண்டம்; அவர் தோளில் ஐந்து கிலோ கல்லுப்பு.

"சமையலுக்கா சார் இம்புட்டு உப்பு?" என்று கேட்டார் வீரணன்.

"சாணிக்கு! கெட்டியான உப்புத் தண்ணியில சாணியைக் கரைச்சா, புழு முட்டை மேல மிதந்து வரும். மேலாப்புல எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். பதினாலு வருசமா இப்படித்தான்."

அந்தப் பதினாலு வருசத்தைச் சொல்லும்போது அவர் மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு அட்டை அவர் கழுத்தில் விழுந்தது.

"ஆத்தி! எடுங்கய்யா! எடுங்க!"

"ஆடாதீக சார்! அட்டையும் உங்க புழு இனந்தான். அடுத்தவன் ரத்தத்துல பொழைக்குது. நீங்கதான் புழு டாக்டராச்சே!" என்று சிரித்தபடி வீரணன் அதைச் சுண்டிவிட்டார்.

மாலைக்குள் பட்டியை அடைந்தார்கள். முள்வேலிக்குள் நாற்பத்தேழு மாடுகள். நடுவில் ஒரு கறுப்புப் பசு, தாடையில் எலுமிச்சம்பழ அளவுக்குப் பை.

"காரி. இவதான் முன்னாடி போவா. பாதி மாடு இவ வாலைப் பாத்துத்தான் நடக்கும்." ஒச்சம்மாள் அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செவ்வாய் முழுக்கச் சாணி வேட்டை! தேக்கு இலையில் பொட்டலம் கட்டி, எந்த மாட்டுடையது என்று கோதண்டம் எண் போடப் போனார். ஒச்சம்மாள் விடவில்லை. "எண்ணு எதுக்கு? இது மயிலை. அது கூடுகொம்பி. அந்தா இளக்கமாக் கெடக்கே, அது செவலை."

"சாணியைப் பார்த்தா பேரு சொல்றே?"

"நீங்க உங்க வீட்டாளுக கையெழுத்தைப் பாத்துச் சொல்லமாட்டீகளா?"

அன்று பகல் வெயிலில், நுண்ணோக்கியின் கண்ணாடியைச் சூரியனுக்குத் திருப்பி, பதினெட்டு மாடுகளின் சாணியைப் பார்த்தார் கோதண்டம். உப்புத் தண்ணீர், மேலாப்பு, கண்ணாடிச் சில்லு. முட்டை இல்லை. முட்டை இல்லை. முட்டை இல்லை! ஒச்சம்மாள் ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

புதன் காலை கண் விழித்தபோது வெளியே 'சரக் சரக்' என்று சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தால், உப்புச் சாக்கு கிழிந்து கிடந்தது. மூக்கில் வெள்ளை அப்பிக்கொண்டு காரி நின்றாள். சுற்றிலும் முப்பது மாடுகள் தரையை நக்கிக்கொண்டிருந்தன!

"ஏய்! என் உப்பு! அரசாங்க உப்பு!"

"மலைமாட்டுக்குப் பக்கத்துல யாராவது உப்பைத் தொறந்து வைப்பாகளா சார்? நாங்க மாட்டைக் கூப்பிடுறதே உப்பைக் காட்டித்தான்" என்றாள் ஒச்சம்மாள்.

கோதண்டம் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவுதான் மேடம். இனிமே வெறும் தண்ணியிலதான் கரைக்கணும். வெறும் தண்ணியில எல்லாம் அடியில போயிரும். அடியில போறதைத்தானே நான் தினமும் கீழ ஊத்..."

வாக்கியம் பாதியில் நின்றது. நஸ்ரினும் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"தட்டைப்புழு முட்டை கனமானது, அண்ணே" என்றார் மெதுவாக. "உப்புத் தண்ணியிலயும் மிதக்காது."

"தட்டைப்புழு வயல்காட்டு வியாதி மேடம். நெல்லு விளையுற இடத்துல வரும். மலை உச்சியில ஏதுன்னுதான்..." குரல் உள்ளே இறங்கியது. முப்பது பொட்டலம். முப்பது தடவை அடிவண்டலைச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறார், மிதப்பதை மட்டும் பார்த்துவிட்டு!

திடுமென எழுந்தார். "ஒச்சம்மா, வடிகட்டி இருக்கா?"

"டீ வடிகட்டி இருக்கு."

"குடு!"

"எதுக்குன்னு சொல்லுங்க." சொன்னார். ஒச்சம்மாள் வடிகட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இனிமே இதுல டீ வடிச்சுக் குடுத்தா நீங்க குடிப்பீகளா?"

"சத்தியமாக் குடிப்பேன்! குடு!"

காரியின் சாணியைத் தண்ணீரில் கரைத்தார். வடிகட்டினார். தெளியவிட்டார். மேல்தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் விட்டார். மூன்று முறை! அடியில் தங்கிய ஒரு சிட்டிகை வண்டலில் ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டு, கண்ணை நுண்ணோக்கியில் வைத்தார்.

நீலக் குப்பைக்கு நடுவே ஒன்று நீலமாகாமல் கிடந்தது. நீள்உருண்டை. தேன் மாதிரி, இல்லை, புதுத் தாலி மாதிரி மஞ்சள். பக்கத்தில் இன்னொன்று. அதற்கு அடுத்து மூன்று!

"தங்கம்!" என்று கத்தினார் கோதண்டம். "மேடம், தங்கம்!"

நஸ்ரின் பார்த்தார். "தட்டைப்புழுவேதான்! ஈரல்ல உக்காந்து ரத்தத்தைக் குடிக்குது. ஒச்சம்மா, இது மாட்டுக்கு மாடு தொத்தாது. மருந்து இருக்கு!"

ஒச்சம்மாள் காரியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். கோதண்டம் அவளிடம் போய் நின்றார். "முப்பதையும் தப்பாப் பார்த்தது நான்தான்மா. என் கண்ணுல கோளாறு இல்ல. புத்தியில."

"பதினோரு மாடு சார்" என்றாள் அவள், திரும்பாமல். காரியின் தாடையைத் தடவியபடி, "மிச்சத்தைக் காப்பாத்துங்க. உங்களைப் பெறகு வைஞ்சுக்கிடுறேன்" என்றாள்.

ஆனால் வீரணன் தலையை ஆட்டினார். "புழுவா இருந்தாலும் மாட்டை எறக்குன்னுதான் ரேஞ்சர் ஐயா சொல்லுவாரு. காட்டுமாடு செத்திருக்கே?"

"சரியான கேள்வி" என்றார் நஸ்ரின். "இந்த முட்டை நேரா அடுத்த மாட்டுக்குப் போகாது. தேங்குன தண்ணியில ஒரு நத்தைக்குள்ள போய் வளரணும். அந்த நத்தை இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சுக் காட்டினாத்தான் நோட்டீஸ் நிக்கும்."

"இங்கன இருக்கிற அஞ்சு சுனையும் பாறைச்சுனை. சேறே கிடையாது" என்றார் வீரணன்.

அன்று மீதிப் பொழுது முழுவதும் வண்டல் பார்த்தார்கள். சாயங்காலம் ஒச்சம்மாள் பட்டியலைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். "முட்டை உள்ளது எல்லாமே காரி வாலைப் பிடிச்சுப் போறவளுக! மத்தியானம் பிரிஞ்சு போய்ப் பொழுது சாயத்தான் வருவாளுக. எங்க போறாளுகன்னு நான் பாத்ததில்ல."

"அப்ப நாளைக்கு காரிதான் நமக்கு வழிகாட்டி!" என்றார் கோதண்டம்.

வியாழன் மதியம் காரி பிரிந்தாள். நான்கு பேரும் பின்னால் நடந்தார்கள். மூங்கில் புதர், வழுக்குப் பாறை, தவழ்ந்து நுழைய வேண்டிய ஒரு முள் சந்து. கோதண்டத்தின் சட்டை அங்கேயே தங்கிவிட்டது. சந்தைத் தாண்டியதும் வீரணன் மூச்சை இழுத்தார். போன மழையில் மலைச்சரிவு விழுந்து ஓடையை அடைத்திருந்தது. அடைத்த இடத்தில் பச்சைப்பசேலென்று ஒரு சேற்றுக்குட்டை! எந்த வரைபடத்திலும் இல்லாதது.

"அசையாதீக!" என்றார் வீரணன்.

எதிர்க்கரையில் ஒரு காட்டுமாடு. கருங்கல் மலை மாதிரி உடம்பு. அதன் தாடையின் கீழும் பை தொங்கியது. அது இவர்களைப் பார்த்தது. முன்காலால் மண்ணைக் கீறியது. காரி மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி தண்ணீரில் வாய் வைத்தாள். காட்டுமாடு ஒரு சீறல் சீறிவிட்டு, திரும்பி, புதருக்குள் மறைந்தது. போகும்போது சூடாகச் சாணி போட்டுவிட்டுப் போனது.

"மகராசி! கேக்காமலே குடுத்துட்டுப் போறா!" கோதண்டம் தேக்கு இலையோடு பாய்ந்தார். இரண்டாவது அடியில் இடுப்புவரை சேற்றில் இறங்கினார்.

"அண்ணே!"

"என்னை விடுங்க! நத்தை! கையில நத்தை தட்டுது மேடம்! டப்பாவை வீசுங்க!" இறங்கிக்கொண்டே அவர் நத்தை பொறுக்கினார். நெஞ்சுவரை போனபோதுதான் பயம் வந்தது. ஒச்சம்மாள் கயிற்றின் ஒரு முனையைக் காரியின் கழுத்தில் கட்டி, மறு முனையை அவரிடம் எறிந்தாள். "காரி, இழு ஆத்தா!" சீக்கு மாடு நான்கு காலையும் ஊன்றி இழுத்தது. சேறு 'பளக்' என்று அவரைத் துப்பியது. செருப்பு போயிற்று, டப்பா போகவில்லை. காட்டுமாட்டுச் சாணியை வீரணன் கரையைச் சுற்றிப் போய்ப் பொட்டலம் கட்டி வந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. வெறுங்காலோடு கோதண்டம் ரேஞ்சரின் மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்தார். உள்ளே தெளிந்த தண்ணீர், ஏழு நத்தை. ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்தது.

"காட்டுமாட்டுச் சாணியிலும் அதே முட்டை இருக்கிறது, சரி" என்றார் ரேஞ்சர். "ஆனால் இந்த நத்தைதான் காரணம் என்று எப்படி நம்புவது?"

"வெயில் பட்டா உள்ள இருக்கிற குஞ்சுப்புழு வெளிய நீந்தும் சார். பொறுங்க."

நாலே கால். ஒன்றுமில்லை. நாலரை. வெளியே ஏவாரியின் லாரி ஹாரன் அடித்தது. நாலு நாற்பதுக்கு வெயில் ஜன்னலை விட்டு நழுவப் பார்த்தது. கோதண்டம் டம்ளரைத் தூக்கி வெயிலோடு கூடவே நகர்ந்தார்.

"சார்" என்றாள் ஒச்சம்மாள். "அது என்ன, தூசியா?"

தூசி இல்லை. தூசி வாலை ஆட்டாது! ஒரு நத்தையிலிருந்து வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி வந்தன. பத்து, ஐம்பது, எண்ண முடியவில்லை. ரேஞ்சர் நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"முதலில் கொண்டுவந்தது பட்டி மாடா, காட்டுமாடா?"

"அது தெரியாது சார்" என்றார் நஸ்ரின். "ரெண்டும் ஒரே சேத்துல குடிச்சிருக்கு. அந்த அடைப்பை உடைச்சுத் தண்ணியை ஓட விட்டா ரெண்டும் பிழைக்கும்."

ரேஞ்சர் எழுந்து போய் நோட்டீஸைக் கிழித்தார். வீரணன் வாசலுக்கு ஓடினார். "ஏவாரி! வண்டியைத் திருப்புய்யா!"

மறுநாளே மருந்து மலையேறியது. அதற்கடுத்த வாரம் அடைப்பு உடைந்தது. இரண்டு மாடுகளை மருந்தாலும் காப்பாற்ற முடியவில்லை. மற்றவை எழுந்து நின்றன.

மூன்று மாதம் கழித்து, யாரும் கூப்பிடாமலே, கோதண்டம் மறுபடி மலையேறினார். காரியின் தாடையில் பை இல்லை. அவளுடைய சாணியைக் கரைத்து, மேலே மிதப்பதையும் பார்த்தார், அடியில் கிடப்பதையும் பார்த்தார். பிறகுதான் எழுதினார்: 'முட்டை இல்லை'. பதினான்கு வருடத்தில் அந்த இரண்டு சொல்லை எழுத அவருக்கு இவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

ஒச்சம்மாள் டீ கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கியவர் உள்ளே உற்றுப் பார்த்தார்.

"இது எந்த வடிகட்டில வடிச்சது?"

"சத்தியம் பண்ணுனீகள்ல? குடிங்க. பெறகு சொல்றேன்."

கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டு அடிமண்டிவரை குடித்தார்.