ஆற்றுப் பக்கத்துச் சோறு

சஹனின் ஆற்றுப் பக்கத்தில் சோறு குறைந்திருந்தது. அந்தப் பக்கத்தில் ஆளே இல்லை.

ஆதிலா முதலில் மகளைத்தான் சந்தேகப்பட்டாள். ஏழு வயது ஹனாவுக்குக் கோழிக் காலைக் கண்டால் கண்மண் தெரியாது. ஆனால் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும்போது அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தாள். ஹனா தன் பக்கத்தைத் தாண்டவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து நுவரெலியா போகிற வழியில், களனி ஆற்றங்கரையில் இருந்த அந்த வெள்ளைக்காரன் காலத்து ரெஸ்ட் ஹவுஸில் நிறுத்தியது கணவன் ரிஸ்கானின் ஆசை. உள்ளே பார் இருந்தது. அங்கே சமைத்ததைத் தின்ன ஆதிலாவுக்கு மனம் வராது. அதற்காகவே சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய கையோடு புரியாணி ஆக்கி, சஹனோடு துணியில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். மூன்று சோடா வாங்கியதும் விராந்தையில் இருக்க விட்டார்கள்.

சஹனைக் கண்டதும் வயதான வெயிட்டரின் முகம் மாறியது.

"நோனா, இங்க எல்லாரும் ஒண்டா சாப்பிட வாணாம். நான் வேற வேற பிளேட் தாறன்."

"இது எங்கட பழக்கம், அய்யே," என்று ரிஸ்கான் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. மூன்று பிளேட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனவர் திரும்பி வரவேயில்லை.

சோற்றில் கை வைக்கும்போது ஹனா ஆற்றுப் படிகளைப் பார்த்து, "வாங்க, சாப்பிடுங்க," என்றாள். பக்கத்தில் ஆள் இருந்தால் கூப்பிடாமல் சாப்பிடக் கூடாது என்பதும் ஆதிலா பழக்கியதுதான். என் பிள்ளைக்கு என்ன மரியாதை என்று உள்ளுக்குள் பூரித்துப்போனாள். யாரைக் கூப்பிட்டாள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தாள். பாசி பிடித்த கருங்கற் படிகள் ஆற்றுக்குள் இறங்கின; ஆறு ஓயாமல் சளசளத்தது, விராந்தை மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது, நெய் வாசனைக்கு அடியிலிருந்து எங்கோ சேற்று நாற்றம் கிளம்பி வந்து மூக்கில் ஏறியது. படிகளில் யாரும் இல்லை. மேல்படியிலிருந்து மேசைவரைக்கும் தரை மட்டும் நனைந்திருந்தது.

"இந்தப் பக்கத்தால நீங்களா எடுத்த?"

"எனக்கென்ன விசரா?" ரிஸ்கான் வானத்தைப் பார்த்துக்கொண்டே கை கழுவ எழுந்தான். "மழை வரப்போகுது. நான் வாகனத்த எடுக்கிறேன், கெதியா வாங்க."

அவன் போனதும் ஆற்றுப் பக்கத்துச் சோற்றில் விழுந்திருந்த குழி ஆழமானது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. சோறு மெல்லச் சரிந்தது. ஒரு கோழித் துண்டு அசைந்து உள்ளே போனது. மஞ்சள் சோறு சேற்று நிறமானது.

"ஹனா, எழும்பு."

"ஏலா உம்மா. அவங்க இன்னும் சாப்பிட்டு முடியல்ல."

"யாரு?"

"நான் கூப்பிட்ட ஆள். சஹன்ல ஒராள் சாப்பிடக்கொள்ள மத்தவங்க எழும்பக் கூடா எண்டு நீங்கதானே சொன்ன."

அப்போதுதான் கையைக் கண்டாள். சின்னக் கை. பிள்ளைக் கை. நெடுநாள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. மணிக்கட்டுக்கு மேலே பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அது ஹனாவின் பக்கத்துச் சோற்றுக்குள் நுழைந்தது. ஹனாவின் விரல்களைத் தொட்டது.

ஆதிலாவுக்கு உயிரே போய்விட்டது. என் பிள்ளை. யா அல்லாஹ், என் பிள்ளை. கண்களை இறுக மூடினாள். பிஸ்மி சொன்னாள். சஹனுக்குள் கையை விட்டாள். சோறு ஒட்டிய சின்னக் கை. பிடித்தாள். இழுத்தாள். ஓடினாள்.

விராந்தை. கூடம். வாசற்படி. பின்னால் சின்னப் பாதங்களின் சத்தம். திரும்பவில்லை. வாகனத்தின் பின் கதவைத் திறந்து, பார்க்காமலே தூக்கி உள்ளே தள்ளி, முன்னால் ஏறினாள்.

"எடுங்க! எடுங்க!"

"என்ன, பேயைக் கண்டா போல?" ரிஸ்கான் வண்டியை எடுத்தான். மழை கொட்டத் தொடங்கியது. பிள்ளை காப்பாற்றப்பட்டாள். ஆதிலாவுக்கு அழுகை வந்தது.

கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தினாள். உள்ளங்கையில் சேறு. இன்னும் சில்லிட்டது.

பாதை விராந்தையைச் சுற்றித் திரும்பியது. கண்ணாடிக்கு அப்பால், மழைக்கு அப்பால், மேசையில் ஹனா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சஹனில் வைத்த கையை எடுக்கவில்லை. எழும்பலாமா என்று கேட்பதுபோல உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின் சீட்டில், மெல்லும் சத்தம் இன்னும் நிற்கவில்லை.