எல்லாருக்கும் பதினேழாம் தேதி

"ஐயோ...! யாராவது ஓடி வாங்களேன்...!"

காலை எட்டு மணி.

அலறல் தூதரகத்தின் மாடியிலிருந்து வந்தது.

தூதரகம் என்றதும் தூண், புல்வெளி, பளபள கார் என்று கற்பனை செய்ய வேண்டாம். வாடகை வீடு. சுண்ணாம்பு உதிரும் சுவர். வாசலில் கொடிக்கம்பம் மட்டும் இருந்தது, கொடி இல்லை. அது பக்கத்து நாட்டின் தூதரகம். அந்த நாட்டில் ஒரே மாதத்தில் மூன்று அரசாங்கம் மாறிவிட்டது. மூன்றாவது வந்தவர்கள் கொடியையும் மாற்றப் போவதாகப் பேச்சு.

கேட்டிலிருந்து தெருமுனை வரை வரிசை. பிழைக்க வந்த இடத்தில் நின்றுகொண்டு, ஊரில் மாட்டிக்கொண்ட பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துக்கொள்ளக் காத்திருப்பவர்கள்.

அலறலைக் கேட்டதும் அந்த வரிசை மாடியை அண்ணாந்து பார்த்தது.

இருபதாவது நிமிடம் ஜீப் வந்து நின்றது. பெண் இன்ஸ்பெக்டர் இறங்கினாள். பேச்சு குறைவு, பார்வை அதிகம். பின்னாலேயே கான்ஸ்டபிள். அவருக்கு இரண்டும் நேர்மாறு.

மாடி அறையில் முத்திரை குமாஸ்தா மல்லாந்து கிடந்தார். ஐம்பது வயதிருக்கும். பின்மண்டையில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. தலைமாட்டில் இரும்புப் பெட்டி 'ஆ'வென்று திறந்து கிடந்தது.

உள்ளே காலி!

"பிடிச்சுத் தள்ளியிருக்காங்க மேடம். பெட்டி மூலையில மண்டை மோதியிருக்கு. நேத்து சாயங்காலம் ஆறிலேருந்து ஏழுக்குள்ளன்னு டாக்டர் சொல்றார்."

"பூட்டை உடைச்சிருக்காங்களா?"

"இல்லை மேடம். சாவி போட்டுத் திறந்த மாதிரி இருக்கு. ஆனா சாவி செத்தவர் பாக்கெட்லயே இருக்கே!"

"கொலை பண்ணி, பெட்டியைத் திறந்து, சாவியைப் பத்திரமா பாக்கெட்ல திருப்பி வச்சுட்டுப் போனானா? ரொம்ப ஒழுக்கமானவன்தான்."

கான்ஸ்டபிள் விழித்தார்.

"இன்னொரு சாவி இருக்குய்யா" என்றாள் இன்ஸ்பெக்டர்.

படிக்கட்டில் துப்புரவு வேலை செய்யும் அம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அலறியது அவள்தான்.

"இங்கே வேற யார் யார் வேலை பார்க்கறாங்க?"

"யாருமில்லம்மா. தூதர் ஐயா மூணு வாரத்துக்கு முன்னாடியே அவங்க நாட்டுத் தலைநகருக்குப் போயிட்டார். வாட்ச்மேனும் நின்னுட்டான். குமாஸ்தா ஐயாவும் நானும்தான் இருந்தோம்."

"நேத்து நீ எத்தனை மணிக்குப் போனே?"

"அஞ்சரைக்கு. கடைசியா அந்தப் பெட்டியத்தான் மண்ணெண்ணெய் போட்டு அழுத்தித் துடைச்சேன். துருப் பிடிக்குதுன்னு ஐயா சொன்னாரு..."

மறுபடி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். துடைத்த இரும்பில் நான்கு விரல்கள் தெளிவாகப் பதிந்திருந்தன.

அஞ்சரைக்கு மேல் வந்த விரல்கள்!

கைரேகை ஆட்கள் வந்து படம் எடுத்து முடித்ததும், பெட்டியைத் தன் கையாலேயே சாத்திப் பூட்டினாள்.

"மேடம்... இங்கே பாருங்க!" கான்ஸ்டபிள் ஒரு தடித்த பதிவேட்டோடு வந்தார். "இந்த மனுஷன் ஒரே நாள்ல அறுநூத்துச் சொச்சம் பேருக்கு முத்திரை குத்தியிருக்கார்! எல்லாத்துலயும் பதினேழாம் தேதி!"

இன்ஸ்பெக்டர் பக்கங்களைப் புரட்டினாள். புரிந்தது.

பக்கத்து நாட்டில் பாஸ்போர்ட் அச்சடிக்கக் காகிதம் இல்லை. 'இன்னார் எங்கள் குடிமகன்' என்று தூதரகம் முத்திரை குத்திக் கொடுக்கும் சான்றுச் சீட்டுதான் எல்லை தாண்டும் ஒரே வழி. மூன்றில் முதல் அரசாங்கம் கவிழ்ந்தது பதினேழாம் தேதியன்று. அன்றுவரை கொடுத்த சீட்டு மட்டுமே செல்லும் என்று எல்லையில் அறிவித்துவிட்டார்கள்.

குமாஸ்தா முத்திரையின் தேதிச் சக்கரத்தைப் பதினேழிலேயே நிறுத்திவிட்டார். நாட்காட்டி நகர்ந்தது. அவர் நகரவில்லை.

"காசு வாங்கினாரா?"

"வரிசையில விசாரிச்சேன் மேடம். டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டாராம்."

அப்போது...

மேஜை மேல் இருந்த தொலைபேசி அலறியது!

படிக்கட்டிலிருந்து துப்புரவு அம்மாள் பதறி எழுந்தாள். "அம்மா... அது ஐயாவோட சம்சாரம். அவங்க ஊர்ல காலைல ரெண்டு மணி நேரம்தான் கரண்ட். தினம் ஒன்பதுக்குக் கூப்பிடுவாங்க..."

இன்ஸ்பெக்டர் ரிசீவரை எடுத்தாள்.

"என்னங்க... நான்தான். கேஸ் சிலிண்டர் வரிசைல டோக்கன் கிடைச்சிருச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?"

"அம்மா... நான் இன்ஸ்பெக்டர் பேசறேன்."

"போலீஸா? அவரைப் பிடிச்சுட்டீங்களா? ஐயோ, அவரு ஒண்ணும் தப்பு பண்ணலைங்க! ஏழை பாழைங்களுக்குத்தான்... எனக்குக்கூட அவரு குத்திக்கலைங்க! நான் எத்தனையோ தடவை கேட்டேன். 'வரிசைல நிக்கறவங்க முடியட்டும்டீ. ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கறவன் முதல்ல தன் வீட்டுக்குக் குத்திக்கிட்டா நல்லாவா இருக்கும்'னாரு. நீங்களே கேட்டுப் பாருங்க. போனை அவர்கிட்டக் குடுங்க..."

இன்ஸ்பெக்டர் இருபது வருட சர்வீஸில் எத்தனையோ வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தி சொன்னவள். இங்கே தட்டக் கதவு இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு கையும் இல்லை.

"அம்மா... பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

அந்தக் கேள்வி போதும். அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

"...எப்போ?" என்றது குரல்.

"நேத்து சாயங்காலம்."

"நேத்து சாயங்காலம் நான்... அவரோட சட்டையெல்லாம் மடிச்சு வச்சுட்டிருந்தேனே..."

லைன் அறுந்தது.

அழுகையா, கரண்ட்டா? எது முதலில் நின்றது என்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் ரிசீவரை வைக்காமல் சற்று நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்!" கான்ஸ்டபிள் கீழேயிருந்து கத்தினார். "ஆளு சிக்கிட்டான்!"

சிக்கியவன் ஒரு கொத்தனார். அந்த நாட்டுக்காரன்தான். நகமெல்லாம் சிமெண்ட். நேற்று மதியம் குமாஸ்தாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினான் என்று வரிசையில் இருந்த பத்துப் பேர் சாட்சி. இன்று பஸ் ஸ்டாண்டில் பையும் கையுமாகப் பிடித்திருந்தார்கள். பையில் சான்றுச் சீட்டு இருந்தது.

"சட்டையைப் பிடிச்சேன், இல்லைங்கலை. பாப்பாவுக்கு இதயத்துல ஓட்டை. அங்கே ஆஸ்பத்திரில மயக்க மருந்துகூட இல்லை. கூட்டிட்டு வரணும், சீட்டு குடுங்கன்னேன். பிறந்த சான்று இல்லாம முடியாதுன்னார். ஆத்திரத்துல பிடிச்சுட்டேன். அப்புறம் அவரே கண்ணைத் தொடைச்சுக்கிட்டு 'நாளைக்கு வாய்யா, பார்க்கலாம்'னாரு. நான் கொலை பண்ணுவேனாம்மா?"

"அப்புறம் சீட்டு எப்படி வந்தது?"

அவன் பையை மார்போடு இறுக்கிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் அவன் பையிலிருந்த சீட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். வட்ட முத்திரை. சுற்றிலும் எழுத்து. நடுவில் பதினேழாம் தேதி. எல்லாம் சரி...

முத்திரை தலைகீழாக இருந்தது!

சீட்டு கிடைத்தும் போக மனமில்லாமல் வரிசையில் நின்ற நான்கைந்து பேரின் சீட்டுகளையும் வாங்கிப் பார்த்தாள். பழையவை நேராக இருந்தன. இன்று காலையில் வாங்கியவை எல்லாம் தலைகீழ்.

"குமாஸ்தா செத்த பிறகும் யாரோ முத்திரை குத்தியிருக்காங்க. எழுத்து நேரா இருக்கா, குப்புற இருக்கான்னு தெரியாத ஒரு ஆளு."

இன்ஸ்பெக்டர் மெதுவாகப் படியேறினாள்.

"உனக்குப் படிக்கத் தெரியுமாம்மா?"

துப்புரவு அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, அழுக்குத் துணிப் பைக்குள் கையை விட்டு முத்திரையை எடுத்து நீட்டினாள்.

"தினமும் சாயங்காலம் என்கிட்டத்தான் குடுத்து அனுப்புவாரு. 'யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுக்கா'ம்பாரு. இன்னைக்கு ஆறு மணிக்கு வந்து பார்த்தா... கிடக்கறாரு. மேஜைல நாப்பது சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு வச்சிருந்தாரு. குத்தறது மட்டும்தான் பாக்கி. நான் அப்பவே கத்தியிருந்தா நீங்க வந்து எல்லாத்தையும் மூடியிருப்பீங்க. கீழே பிள்ளைத்தாச்சி ஒருத்தியோட புருஷன் மூணு நாளா நிக்கறான்மா..."

"அதனால?"

"பிணத்துப் பக்கத்துல உட்கார்ந்து நாப்பதையும் குத்திக் குடுத்துட்டு, அப்புறம்தான் அழுதேன்."

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றினார்.

இன்ஸ்பெக்டர் மேஜையருகே போனாள். ஒரு வெற்றுச் சான்றுச் சீட்டு எடுத்தாள். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் குமாஸ்தா எழுதி, முத்திரை குத்தாமலே விட்டிருந்த மனைவியின் விவரங்களைப் பார்த்து எழுதினாள். கொத்தனாரை மேலே கூப்பிட்டாள்.

"உன் பஸ் இவங்க ஊர் வழியாப் போகுமா?"

"போகும்மா."

"போறப்போ இதை அவங்ககிட்டக் குடு. உன் பொண்டாட்டி பிள்ளையோட அவங்களையும் கூட்டிட்டு வா. மூணு நாள் பிணத்தை ஐஸ்ல வைக்கச் சொல்றேன்." துப்புரவு அம்மாளிடம் திரும்பினாள். "கையெழுத்து இல்லை. முத்திரையாவது இருக்கட்டும். நான் ஜன்னல் பக்கம் பார்த்துட்டு நிக்கறேன். இதையாவது நேராக் குத்து."

'டப்' என்றது மேஜை.

மணி பன்னிரண்டு.

வாசலில் கார் நின்றது. கறுப்புக் கோட்டில் ஒருவர் இறங்கினார். கண்களில் கைக்குட்டையோடு மாடிக்கு வந்தார்.

தூதர்!

"இன்ஸ்பெக்டர்... டி.வி.ல பார்த்தேன், ஓடி வந்துட்டேன். என் வலது கை மாதிரி அவன்."

"உங்க நாட்டுத் தலைநகர்லேருந்தா சார்? எட்டு மணி நேரப் பாதையாச்சே. டி.வி.ல ஒன்பது மணிக்குத்தான் சொன்னாங்க."

தூதர் இருமினார். "நேத்தே... வேற வேலையா கிளம்பியிருந்தேன். பாவம் அவன். ஒண்ணுமே இல்லாத பெட்டிக்காகப் போய் உயிரை விட்டுட்டானே!"

இன்ஸ்பெக்டர் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"பெட்டியில ஒண்ணுமில்லைன்னு யார் சார் சொன்னது? அதை நான் காலைலயே பூட்டிட்டேன். டி.வி.காரங்க யாரும் மாடிக்கே வரலை."

தூதரின் கைக்குட்டை பாதி வழியில் நின்றது.

"இன்னொரு சாவி உங்ககிட்ட இருக்கு. பெட்டியில நாலு விரல் இருக்கு. முத்திரையைத் தூக்கிட்டுப் போய் பெரிய பெரிய பண முதலைங்களுக்கு வித்துடலாம்னு வந்தீங்க. கிடைக்கலை. எங்கேடான்னு கேட்டுத் தள்ளினீங்க. சரியா?"

தூதர் நிமிர்ந்தார். துக்கம் காணாமல் போயிருந்தது. கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜைமேல் வீசினார். சிரித்தார்.

"சரிதான். அதுக்கென்ன? போன வாரம் எங்க புது அரசாங்கம் குடுத்த நியமனக் கடிதம் இது. நான் ஒரு நாட்டோட பிரதிநிதி. என் மேல உங்க சுண்டு விரல்கூடப் படக் கூடாது. சட்டம் தெரியும்ல?"

தெரியும். இன்ஸ்பெக்டரின் பற்கள் நறநறத்தன. கண்ணெதிரே கொலைகாரன். கையைக் கட்டிப் போட்டிருக்கிறது ஒரு காகிதம்!

அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியிறங்கினார். கார் கதவைத் திறந்தார்.

இன்ஸ்பெக்டரின் செல்போன் ஒலித்தது. மேலதிகாரி.

"எஸ் சார்... சார்...? நிச்சயமா...? எப்போ சார்...?"

போனை அணைத்தாள். படிகளில் தடதடவென்று இறங்கினாள். கார் கதவைக் கையால் பிடித்தாள்.

"சார், ஒரு நிமிஷம். உங்க புது அரசாங்கம் பதினொரு மணிக்கு ராஜினாமா பண்ணிடுச்சாம். அடுத்து வந்தவங்க பண்ணின முதல் வேலை, போன வார நியமனமெல்லாம் ரத்து. எங்க வெளியுறவு இலாகாவுக்குக் கடிதமே வந்துடுச்சு."

தூதரின் முகம் சுவரைப் போல உதிர்ந்தது.

"இப்போ நீங்க எந்த நாட்டுக்கும் பிரதிநிதி இல்லை. வெறும் ஆளு."

'க்ளிக்!' விலங்கு மாட்டியது.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒருவரும் கை தட்டவில்லை. பலர் மாடி ஜன்னலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள்.

"இன்ஸ்பெக்டர்... ப்ளீஸ்!" தூதர் கெஞ்சினார். "என்னை எங்க நாட்டுக்கே அனுப்பிடுங்க. அங்கே வழக்கை நடத்திக்கறேன். நான் அந்த நாட்டுக் குடிமகன். எனக்கு உரிமை இருக்கு!"

"தாராளமா போங்க சார்! ஆனா குடிமகன்னு சான்றுச் சீட்டு வேணுமே..." ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டாள் இன்ஸ்பெக்டர். "வரிசை தெருமுனைல முடியுது. கடைசி ஆளுக்குப் பின்னாடி நில்லுங்க... தூக்குத் தண்டனை முடிஞ்சதும்!"